நாற்பது பாட்டில் தண்ணீர்

அம்மா, போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுவாய். அதனால் எழுதி அனுப்புகிறேன். பகலில் படி. பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை இரவு, பத்தே முக்கால். புயல் அடித்து ஓய்ந்து, இங்கே டெக்சாஸில், எங்கள் கேட்டி ஊர் முழுக்க இரண்டாவது நாளாகக் கரண்ட் இல்லை. தெருவே இருட்டு. எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் மட்டும் டுர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்று போனுக்கு மெசேஜ் வந்திருந்தது. இந்த வீட்டில் அடுப்பும் கரண்ட் அடுப்பு. எங்கே காய்ச்சுவது?

ஹாலில் ஒரு கேம்பிங் விளக்கைச் சுற்றி நாலு பேர். வள்ளி அக்கா, அவள் கணவர் ஸ்ரீநிவாஸ் அண்ணா, அவருடைய ஆபீஸ் நண்பர் சபரி, நான். சபரியின் அபார்ட்மெண்டில் தண்ணீர் புகுந்துவிட்டதால் இங்கே வந்திருந்தார். குட்டிப் பையன் ஆர்யன் சோபாவில் வேர்த்துக் கொட்டித் தூங்கிக்கொண்டிருந்தான்.

இங்கே நான் வாடகை கொடுப்பதில்லை, உனக்குத் தெரியும். அதற்குப் பதில் சமையல் செய்கிறேன், ஆர்யனைப் பார்த்துக்கொள்கிறேன். படிப்பு முடிந்து வேலை தேடிக்கொள்ள விசாவில் எனக்குக் கொடுத்திருக்கும் நாட்களில் இன்னும் ஏழுதான் பாக்கி. இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக இடம் கிடையாது. அதனால் யார் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுவேன்.

அன்றும் அப்படித்தான். கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்களை அக்கா பங்கு வைத்தாள்.

"ஸ்ரீநி, உனக்கு மூணு. சபரி, நீங்க கெஸ்ட், உங்களுக்கும் மூணு. எனக்கு மூணு, ஆர்யனுக்கு நாலு. நீ வீட்லதானேடி இருக்க, எங்கயும் அலையல... ஒண்ணு போதும்ல?"

"போதும்க்கா."

என் டம்ளரில் பாதி ஊற்றிக்கொண்டேன். "இது உன்னோடது, மத்தது கூட மாத்திடாத" என்று வந்த அன்றே அவள் எடுத்துக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர்.

"டேய் சபரி, ஏதாவது பேய்க் கதை சொல்லுடா. ஏசிதான் இல்ல, பயத்துலயாவது உடம்பு சில்லுனு ஆகட்டும்" என்றார் ஸ்ரீநிவாஸ் அண்ணா.

சபரி சிரிக்கவில்லை. பாட்டில் மூடியை லேசாகத் திருகினார். க்ரிக். மறுபடி மூடினார்.

"கதை இல்லடா. நடந்தது. என் ஃப்ரெண்ட் இளமாறன் இருக்கான்ல, அவன் அக்கா வீட்ல. மணி பன்னண்டு அஞ்சு..."

"நடுராத்திரியா?"

"பட்டப்பகல். உச்சி வேளை. ஊர்ல சொல்வாங்கல்ல, அந்த நேரத்துல தனியா போகாதேன்னு. ராத்திரிப் பேய்க்காவது எங்கயாவது போகணும்னு இருக்கும். உச்சிப் பேய்க்குத் தாகம் மட்டும்தான்.

"வெஸ்ட் டெக்சாஸ். இங்கேர்ந்து ஒம்போது மணி நேரம் டிரைவ். கடைசி எண்பது மைலுக்கு பெட்ரோல் போட ஒரு கேஸ் ஸ்டேஷன் கிடையாது, போன்ல சிக்னல் கிடையாது. ரோடு மட்டும் நேரா போகுது... தார் உருகற வாசனை. அந்த ரோடு முடியற இடத்துல ஒரு கேன்யன் பார்க். பேரு சொல்ல மாட்டேன், உடனே கூகுள் பண்ணுவீங்க.

"மே மாசக் கடைசி, லாங் வீக்கெண்ட். இளமாறன் அக்கா விஷாகா, அவங்க ஹஸ்பண்ட் முகுந்த், ஏழு வயசுப் பொண்ணு ஷ்ரேயா. கூட இன்னொருத்தங்க. தனபாக்கியம்னு ஒரு ஆன்ட்டி. அம்பத்தஞ்சு வயசு, அரியலூர் பக்கம். மொதல்ல நியூஜெர்சி எடிசன்ல ஒரு வீட்டுக்குக் கொழந்தை பாத்துக்க வந்தவங்க, விசிட்டர் விசால. ஆறு மாசம் ஆச்சு, திரும்பிப் போகல. ஒரு வீடு, அப்புறம் இன்னொரு வீடுன்னு மாறி மாறி கடைசியா கேட்டிக்கு வந்துட்டாங்க."

"அது இல்லீகல்ல?" என்றாள் வள்ளி அக்கா.

"அதான் மேட்டரே. வேலை பாக்கறவங்களுக்கும் பிரச்சனை, வேலைக்கு வெச்சவங்களுக்கும் பிரச்சனை. முகுந்துக்கு இன்னும் மூணு வாரத்துல க்ரீன் கார்ட் இண்டர்வியூ. பதினோரு வருஷமா வெயிட் பண்றார்.

"காலையில எட்டு மணிக்கே வியூ பாயிண்ட். செவப்புப் பாறை, அடுக்கு அடுக்கா, பாதாளம் வரைக்கும். 'கோபுரத்தைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கும்மா'ன்னு ஆன்ட்டி சொன்னாங்களாம். போட்டோ எல்லாம் அவங்கதான் எடுத்தாங்க. அதனால ஒரு போட்டோலயும் அவங்க கிடையாது. அப்புறம் அதுவே வசதியாப் போச்சு.

"ஒம்போது மணிக்குக் கீழ எறங்க ஆரம்பிச்சாங்க. எறங்கறது ஈசி. காலுக்கடியில சரளை... சரக், சரக். காத்தே கிடையாது. பாறை சூடு மூஞ்சியில அடிக்குது, தோசைக்கல்லு கிட்ட குனிஞ்ச மாதிரி. அடி வரைக்கும் போயிட்டாங்க. திரும்பி ஏறும்போதுதான் கவனிச்சாங்க. ஆன்ட்டி பாட்டில் இல்ல."

"தொலைஞ்சுடுச்சா?"

"முந்தின ராத்திரி தங்கின மோட்டல்ல, சிங்க் மேலயே இருந்திருக்கு. பேக் பண்ணது விஷாகா. அந்த வீட்ல ஆன்ட்டிக்குத் தனி டம்ளர், தனித் தட்டு, தனி பாட்டில். மாறிடக்கூடாதுன்னு எல்லாத்துக்கும் அடியில செவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு. கிளம்பற அவசரத்துல பொட்டு இல்லாத பாட்டிலை மட்டும் எடுத்து வெச்சுட்டாங்க."

வள்ளி அக்கா தன் பங்கு பாட்டில்களை வரிசையாக நகர்த்தி வைத்தாள்.

"சரின்னு, அப்பப்ப நின்னு அவங்க கையில ஊத்தியிருக்காங்க. ரெண்டு கையையும் குவிச்சு நிப்பாங்களாம். ரெண்டு வாய். அவ்ளோதான். பாதி விரல் இடுக்குல ஒழுகிடும். பாறையில விழுந்த சொட்டு ஸ்ஸ்னு காஞ்சு போகும்.

"பாதி தூரம் ஏறினதும் ஆன்ட்டிக்குக் கால் வரல. ஒரு பெரிய பாறை, அடியில கொஞ்சூண்டு நிழல். உக்காந்துட்டாங்க. ஷ்ரேயாவுக்கு அப்பவே மூஞ்சி செவந்து, வாந்தி வர்ற மாதிரி. மிச்சம் ரெண்டு பாட்டில். கார் இன்னும் ஒண்ணரை மைல்.

"முகுந்த் சொன்னார், 'ஆன்ட்டி, நீங்க இங்கயே இருங்க. நாங்க போயி கார்லேர்ந்து தண்ணி எடுத்துட்டு வந்துடறோம்.' அப்பதான் மணி பாத்தார். பன்னண்டு அஞ்சு.

"அந்தம்மா கேட்டாங்க. 'ஒரு பாட்டில வெச்சுட்டுப் போங்க தம்பி.'

"விஷாகா சொல்லுச்சு, 'நீங்க வாய் வெச்சுட்டா அப்புறம் கொழந்தைக்கு எப்படி ஆன்ட்டி குடுக்கறது?'

"'அண்ணாந்து குடிக்கறேம்மா.'

"'கை நடுங்குது உங்களுக்கு. பட்டுடும்.'

"ஷ்ரேயா தன்னோட பாட்டிலை நீட்டியிருக்கு. குட்டிப் பொண்ணு. 'ஆன்ட்டி, டேக் மைன்.' விஷாகா அதைப் புடுங்கி பேக்ல போட்டு ஜிப்பை இழுத்துடுச்சு. கிளம்பிட்டாங்க. வளைவு திரும்பற வரைக்கும் அந்தம்மா பின்னாலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. திட்டல, அழல. திரும்பிப் பாத்தப்ப, ரெண்டு கையையும் குவிச்சே வெச்சிருந்தாங்களாம்."

ஜெனரேட்டர் சத்தம் சட்டென்று நின்றது. யார் வீட்டிலோ எண்ணெய் தீர்ந்திருக்கும்.

"அய்யோ, திரும்பிப் போனாங்களா இல்லியா?" என்றார் ஸ்ரீநிவாஸ் அண்ணா.

"காருக்கு வந்தாச்சு. டிக்கியில ரெண்டு கேலன் தண்ணி இருந்துச்சு. ஆனா ஷ்ரேயாவுக்குக் கண்ணு சொருகிடுச்சு. எண்பது மைல் தள்ளி ஒரு சின்ன கிளினிக். அங்க பறந்தாங்க. ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. நர்ஸ் கேட்டுச்சு. நல்லா கேட்டுக்கோங்க, இதுதான் முக்கியம். 'உங்க கூட வந்தவங்க வேற யாராவது இன்னும் அந்த கேன்யன் பாதையில இருக்காங்களா? இருந்தா சொல்லுங்க, ரேஞ்சரைக் கூப்பிடறேன். ஹெலிகாப்டர் இருக்கு.'

"முகுந்த் வாயைத் தொறந்தார். ஆமான்னு சொன்னா பேரு கேப்பாங்க. பேரு சொன்னா பேப்பர் கேப்பாங்க. யாரு, என்ன வேலை, எத்தனை மாசமா... மூணு வாரத்துல இண்டர்வியூ.

"'நோ'ன்னார்.

"ஒரே ஒரு வார்த்தை. பக்கத்துல விஷாகா நின்னுட்டிருந்துச்சு. தரையைப் பாத்துச்சு.

"சாயங்காலம் அஞ்சரைக்கு அவர் மட்டும் போனார், ரெண்டு கேலனையும் தூக்கிட்டு. பாறை இருந்துச்சு. ஆன்ட்டி இல்ல. செருப்பு மட்டும் இருந்துச்சு. ஜோடியா, ஓரமா, வாசல்ல கழட்டி விடுவோமே... அந்த மாதிரி. சுத்தி ஒரு காலடி கிடையாது. தைலம் வாசனை மட்டும். அந்தம்மா நெத்தியில தைலம் தேச்சுக்குவாங்களாம்.

"ரெண்டு தடவை கூப்பிட்டார். சத்தமாக் கூப்பிடவும் பயம். செருப்பை எடுத்து பேக்ல போட்டுக்கிட்டு வந்துட்டார்."

"போலீஸ்?"

"யார்கிட்டயும் சொல்லல. வழியில ஒரு ரெஸ்ட் ஏரியா குப்பைத்தொட்டியில செருப்பு. வீட்டுக்கு வந்து அவங்க பெட்டி, துணி எல்லாம் டொனேஷன்ல போட்டாச்சு. அரியலூர்ல ஒரு பொண்ணு இருக்கு அவங்களுக்கு. அதுகிட்ட, 'உங்கம்மா சொல்லிக்காம வேற வீட்டுக்குப் போயிட்டாங்க, நியூஜெர்சி'ன்னுட்டார். போனை மட்டும் தூக்கிப் போட மறந்துட்டாங்க. கிச்சன் டிராயர்ல கிடந்துச்சு. அந்தப் பொண்ணு தினம் வாய்ஸ் மெசேஜ் போடும். 'அம்மா, எங்கம்மா இருக்க? அங்க ரொம்ப வெயிலாமே. நெறைய தண்ணி குடி, என்ன?'"

அம்மா, அந்த இடத்தில் எனக்கு உன் குரல் கேட்டது.

"இண்டர்வியூ சூப்பரா முடிஞ்சுது. ஆகஸ்ட்ல கார்டு வந்துச்சு, தபால்ல. முகுந்த் கிச்சன்லயே நின்னு கவரைக் கிழிச்சார். கார்டு வந்துச்சு. கூடவே... பொலபொலன்னு செவப்பு மண்ணு. கவுண்டர் மேல.

"அன்னிக்குப் பன்னண்டு அஞ்சுக்கு ஆரம்பிச்சுது தாகம்.

"ஒரு கிளாஸ் குடிச்சார். அடங்கல. ஒரு ஜக். அடங்கல. தண்ணி தொண்டைக்கு வரும்போது மண்ணு மாதிரி நறநறங்குதுன்னார். டாக்டர் சுகர் டெஸ்ட் எடுத்தார். நார்மல். கிட்னி நார்மல். 'ஸ்ட்ரெஸ்'ன்னாங்க."

"எல்லாத்துக்கும் அதான் சொல்லுவானுங்க" என்றார் ஸ்ரீநிவாஸ் அண்ணா. யாரும் சிரிக்கவில்லை.

"வொர்க் ஃப்ரம் ஹோம் வேற. தினமும் மத்தியானம், மீட்டிங் நடுவுல, கிச்சன்லேர்ந்து சத்தம் வரும். யாரோ அண்ணாந்து குடிக்கற மாதிரி. மடக்... மடக்... மடக். போய்ப் பாத்தா யாரும் இல்ல. தைலம் வாசனை. அப்புறம் பாட்டில் மூடி தொறக்க வராம போச்சு. சீல் போட்டது, போடாதது, எதுவுமே. அவருக்கும் வராது, விஷாகாவுக்கும் வராது. குழாய் கூடத் திருகினா நகராது. ஷ்ரேயா தொட்டா மட்டும் தொறக்கும். ஏழு வயசுப் பொண்ணு தொறந்து குடுத்து, ஊத்தி, அப்பாவும் அம்மாவும் குடிப்பாங்க. ஒரு நாள் அது சொல்லுச்சாம், 'பாக்கியம் ஆன்ட்டி செட் ஒன்லி ஐ கேன்.' என்னால மட்டும்தான் முடியும்னு ஆன்ட்டி சொன்னாங்களாம்.

"அக்டோபர்ல யாரோ ஜோசியர் போன்ல சொன்னார். தாகத்தோட போன உயிரு. போன இடத்துக்கே போயி, உச்சி வேளையில, உன் கையால தண்ணி விடுன்னு. முகுந்த் ஒரு பெட்டி தண்ணி வாங்கினார். நாப்பது பாட்டில். தனியா டிரைவ் பண்ணிட்டுப் போனார். அந்த எண்பது மைலுக்கு முன்னாடி விஷாகாவுக்கு போன் பண்ணியிருக்கார். 'பின் சீட்ல தைலம் வாசனை வருது'ன்னார். கட்.

"மூணாவது நாள் ரேஞ்சர்ஸ் கண்டுபிடிச்சாங்க. அதே பாறை. அதே நிழல். உக்காந்த மேனிக்கு. தாகத்துல செத்திருக்கார். அவரைச் சுத்தி நாப்பது பாட்டிலும் இருந்துச்சு.

"ஒண்ணுல கூட சீல் உடையல.

"பத்து விரல்லயும் நகம் கிடையாதுடா. பிஞ்சிருந்துச்சு. எல்லா மூடியிலயும் பல்லுத் தடம். கை ரெண்டும் குவிச்சு, மடியில... ரேஞ்சரால பிரிக்க முடியலையாம். அப்படியேதான் கொண்டு வந்தாங்க."

ஆர்யன் தூக்கத்தில் புரண்டான்.

"இளமாறன் போயி அக்காவையும் கொழந்தையையும் ஊருக்கு அனுப்பிட்டான். அப்பதான் விஷாகா இதெல்லாம் அவன்கிட்ட சொல்லுச்சாம். வீட்டுச் சாமான் பூரா, தட்டு டம்ளர் வரைக்கும், மூவிங் சேல்ல வந்த விலைக்கு வித்துட்டாங்க. விஷாகா இப்போ சென்னையில. இன்னும் ஷ்ரேயாதான் மூடி தொறந்து குடுக்குது. அது ஸ்கூலுக்குப் போயிட்டா வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பாங்களாம். அவ்ளோதான்."

"சூப்பர்டா. இனிமே எவன் ஹைக்கிங் போவான்" என்றார் ஸ்ரீநிவாஸ் அண்ணா.

வள்ளி அக்கா மெதுவாகக் கேட்டாள். "சபரி, அந்த மூவிங் சேல்... போன நவம்பரா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள்.

எல்லாரும் படுக்கப் போன பிறகு நான் சமையலறையில் போன் வெளிச்சத்தில் டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தேன். சிவப்பு நெயில் பாலிஷ். ஒரு பொட்டு. பாதி உரிந்திருந்தது.

கத்தவில்லை அம்மா. ஏன் என்று தெரியவில்லை, பயத்தைவிட வேறொன்றுதான் வந்தது. என் பாட்டிலில் மீதி பாதி இருந்தது. நாளைக்கும் அதுதான் என் பங்கு. முழுவதையும் அந்த டம்ளரில் விளிம்பு வரைக்கும் ஊற்றி, மேடை மேல் வைத்தேன்.

"வாய் வெச்சே குடிங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

விடியும் வரைக்கும் தூங்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டது. மடக். மடக். பிறகு குழாய் திறந்து மூடும் சத்தம்.

காலை ஏழு மணி வாக்கில் கரண்ட் வந்தது. வீடு முழுக்க பீப், பீப் என்று மெஷின்கள் விழித்தன. நான் சமையலறைக்குப் போனேன். மேடை துடைத்திருந்தது. என் டம்ளர் கழுவி, ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அடியில் இருந்த சிவப்புப் பொட்டை யாரோ சுத்தமாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். தைலம் வாசனை.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வள்ளி அக்கா. பின்னாலேயே ஸ்ரீநிவாஸ் அண்ணா. அக்காவின் உதடு வெடித்திருந்தது. கையில் நேற்று பங்கு வைத்த பாட்டில். கழுத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டே வந்தாள்.

"என்னன்னே தெரியலடி... தொண்டையெல்லாம் மண்ணா இருக்கு. இது தொறக்கவே மாட்டேங்குது. ஸ்ரீநிக்கும் வரல. நீ கொஞ்சம்..."

கரண்ட் போய் வந்தால் இங்கே அடுப்புக் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து புதிதாக ஓட ஆரம்பிக்கும். அவள் தோளுக்குப் பின்னால் அது தெரிந்தது. 12:05.

பாட்டிலை வாங்கினேன். எனக்கு ஒரே திருகில் திறந்தது.

திருப்பி நீட்டினேன். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் குவித்து என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.